நேரத்துக்குப் போட்ட ஊசி

இப்படி வந்து உக்காரும்மா. அந்த நாற்காலியில வெயில் அடிக்கும், கொஞ்ச நேரத்துல நீயே எந்திரிச்சு வந்துடுவ. வா, வா. என் பையை மடியில வச்சுக்கறேன்.

யாரைச் சேக்க வந்திருக்க? மாமியாரா? உன் மூஞ்சியிலயே எழுதி ஒட்டியிருக்கு. இந்தக் காப்பகத்துக்கு மொத தடவை வர்றவங்க எல்லாரும் இப்படித்தான் வாசலையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாங்க, யாராவது தெரிஞ்சவங்க பாத்துடுவாங்களோன்னு. பாத்தா பாக்கட்டுமே! அவங்க வீட்டுல இப்படி ஒண்ணு வந்தா தெரியும்.

நான் சேக்க வரலம்மா. கூட்டிட்டுப் போக வந்திருக்கேன். என் தம்பி மாசிலாமணி உள்ள இருக்கான். இன்னைக்கு அவனை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன், அதுல ஒரு மாத்தமும் இல்ல. இந்தக் காப்பகத்து டாக்டரம்மா மட்டும் அவனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேப்பாங்களாம். 'அக்காவோட போறீங்களா, இங்கயே இருக்கீங்களா'ன்னு. அவன் என்ன சொல்றானோ அதுதான் முடிவாம். கேட்டியா கூத்தை? சட்டமாம்! இத்தனை வருஷம் கண்ணுல வச்சுப் பாத்தவ நான் இருக்கேன், அவனைக் கேக்கணுமாம். சட்னி வேணுமா சாம்பார் வேணுமான்னு கேட்டாலே 'நீயே சொல்லுக்கா'ம்பான். அவன்கிட்ட போய் முடிவு கேக்கறாங்க.

கேக்கட்டும். என்னைப் பாத்ததும் செருப்பைத் தேடுவான் பாரு. புதுச் சட்டை வாங்கிட்டு வந்திருக்கேன். இங்க இருந்து இளைச்சுட்டான், பழைய சட்டையெல்லாம் தொளதொளன்னு தொங்குது.

நான் அகிலாண்டம். உறையூர். தாலுகா ஆபீஸ்ல டைப்பிஸ்டா இருந்து ரிட்டையர் ஆனவ. கல்யாணம் பண்ணிக்கல. ஏன்னு நீ வாயால கேக்கல, கண்ணு கேக்குது. பொண்ணு பாக்க வருவாங்கம்மா. சொஜ்ஜி பஜ்ஜி சாப்பிடுவாங்க. உள் ரூம்ல இவன் சுவத்தோட பேசற சத்தம் கேக்கும். அவ்வளவுதான். கடைசியா வந்தவங்க காபியைக்கூடக் குடிக்கல, ஆறிப்போய் ஏடு கட்டி அப்படியே இருந்துச்சு. அதுக்கப்புறம் அம்மா யாரையும் வரச் சொல்லல.

காலேஜுல இருக்கறப்ப வந்தது அவனுக்கு. கெமிஸ்ட்ரி படிச்சான். கெட்டிக்காரன்னா கெட்டிக்காரன். ஒருநாள் பரீட்சை ஹால்லேருந்து பேப்பரை வச்சிட்டு எந்திரிச்சு வந்துட்டான். ஏண்டான்னா, மேல சுத்தற ஃபேன் அவனைத் திட்டுதாம். அப்பா அந்த வருஷமே போயிட்டாரு. அம்மா போகும்போது என் கையைப் பிடிச்சுக்கிட்டு அவன் படுத்திருந்த பக்கம் பாத்தா, என்னைப் பாத்தா. புரியாதா எனக்கு?

மாத்திரை ஆரம்பிச்சப்புறம் அந்தத் திட்டற சத்தமெல்லாம் அடங்கிப்போச்சு. வாயைத் திறடான்னா திறப்பான். நாக்கைத் தூக்குடான்னா தூக்குவான். முழுங்கிட்டானான்னு பாத்துட்டுத்தான் நான் ஆபீஸுக்குக் கிளம்புவேன். இவனை மாதிரி சாதுவைப் பாக்க முடியாது. காலையில நான் பேப்பரைச் சத்தமாப் படிப்பேன், அவன் கேட்டுக்கிட்டிருப்பான். என் குரல் கேட்டாத்தான் அவனுக்குப் பொழுது விடியும். ஒருநாள் எனக்குத் தொண்டை கட்டிக்கிச்சு, பாவம், அன்னைக்குன்னு வாசல்ல போய் நின்னுக்கிட்டுப் போற வர்றவங்களையெல்லாம் பாத்துச் சிரிச்சுக்கிட்டிருந்தான்.

அந்த மாத்திரையில ஒரு கெடுதல், உடம்பு ஊதும். குச்சி மாதிரி இருந்தவன் தவலை மாதிரி ஆயிட்டான். நல்லா சாப்பிடறான்னுதான் எனக்குச் சந்தோஷம். அப்புறம் என்ன ஆச்சு, ஒருநாள் 'அக்கா, கால்ல எறும்பு ஊருது'ன்னான். பாத்தேன், எறும்பும் இல்ல ஒண்ணும் இல்ல. மறுநாளும் எறும்பு. தலையணையில காலைத் தூக்கி வச்சுக்கிட்டு எறும்பு எறும்புன்னு ஒரே புலம்பல். மறுபடி ஆரம்பிச்சுடுச்சுன்னு மூளை டாக்டர்கிட்ட ஓடினேன். அவரும் இல்லாத எறும்பு தெரியுதுன்னா வியாதி ஏறுதுன்னு அர்த்தம்னு சொல்லி மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தாரு. நான் நல்லாப் பாத்துக்கறேன்னு அவர் சர்ட்டிபிகேட் வேற கொடுத்தாரு.

எறும்பு போகல. அடிக்கடி தண்ணி குடிச்சான், அடிக்கடி பாத்ரூம் போனான். அதையும் அந்தக் கணக்குலதான் சேத்தேன். கடைசியில கட்டைவிரல்ல ஒரு புண்ணு, ஆறவே இல்ல. வேற ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா சக்கரை வியாதியாம்! எக்கச்சக்கமா ஏறிக் கிடக்காம். அந்த எறும்பு சக்கரை எறும்பும்மா. நரம்பு கெட்டா அப்படி ஊருமாம். யாருக்குத் தெரியும்? அவன் எப்படிச் சொன்னான்? எறும்புன்னான். நரம்புன்னு சொல்லியிருந்தா நான் அன்னைக்கே கூட்டிட்டுப் போயிருக்க மாட்டேனா?

அந்த சக்கரை டாக்டர் இருக்காரே, இவன் எதுக்கு மாத்திரை சாப்பிடறான்னு தெரிஞ்சதும் இவன் பக்கம் திரும்பவே இல்ல. இவன் காலை நீட்டி 'இங்க எரியுது சார்'ங்கறான், அவர் என்னைப் பாத்து 'எப்பவும் இப்படித்தான் சொல்வாரா?'ங்கறாரு. எனக்கு வந்துச்சு பாரு கோவம்! பேஷன்ட் அவன்தான, அவனைக் கேளுங்கன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. அப்புறம் எதுக்கு வம்புன்னு நானே எல்லாத்தையும் சொல்லிட்டேன். அவனைவிட எனக்குத்தான நல்லாத் தெரியும்.

மாத்திரைக்கு அடங்கல, இன்சுலின்னாங்க. அங்க இருந்த சின்ன டாக்டரம்மாதான் சொல்லிக் கொடுத்தா. எப்படி இழுக்கணும், காத்துக் குமிழி இல்லாம எப்படித் தட்டணும், வயித்துல எங்க குத்தணும்னு. ஒரே தடவையில பிடிச்சுக்கிட்டேன். 'ஊசி நேரம் மட்டும் தவறக் கூடாதும்மா'ன்னா. என்கிட்டயா சொல்ற? நான் ஆபீஸுக்குள்ள நுழையறதைப் பாத்துக் கடிகாரத்தைத் திருத்தி வைப்பாங்க. மழையோ, விருந்தாளியோ, எனக்கே காய்ச்சலோ, ஊசி நேரம் ஒருநாள் தவறினதில்ல. சும்மா சொல்லக் கூடாது, இவனும் சட்டையைத் தூக்கிக்கிட்டு வந்து நிப்பான்.

சாப்பாடும் அப்படித்தான். சீனி டப்பா பூட்டி, சாவி என் இடுப்புல. அளந்து சோறு. அதுக்கு மேல ஒரு பருக்கை கிடையாது. நடுவுல 'பசிக்குதுக்கா'ம்பான். பசியே இல்லடா, மாத்திரை பண்ற வேலை அது, மனசுதான் பசிக்குதுங்குதும்பேன். சரிம்பான். நான் தட்டு வைக்காம அவனுக்குப் பசிக்காதும்மா. அப்படிப் பழக்கி வச்சிருந்தேன்.

இப்படி நல்லா ஓடிக்கிட்டிருந்த வண்டிதான். அந்த அமாவாசை வந்துச்சு.

புரட்டாசி அமாவாசை. மகாளய அமாவாசைன்னா சும்மாவா? அப்பா அம்மாவுக்குச் செய்யறதுக்குன்னு இருக்கறவன் இவன் ஒருத்தன்தான். பொண்ணு நான் செய்யக் கூடாதாமே. சம்பாதிச்சுப் போட்டதெல்லாம் நான், எள்ளும் தண்ணியும் மட்டும் அவன் கையால. இருட்டோட எழுப்பி அம்மா மண்டபம் படித்துறைக்குக் கூட்டிட்டுப் போனேன். காவேரியில கூட்டம்னா கூட்டம், கால் வைக்க இடமில்ல. அந்தக் கூட்டத்துல இவன் ஒரு தப்பு பண்ணல. ஐயர் சொன்ன பேரையெல்லாம் திருப்பிச் சொன்னான். தாத்தா பேரை அவர் தப்பாச் சொன்னப்ப இவன் திருத்தினான்னா பாரேன்! எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு.

வீட்டுக்கு வந்து குளிச்சிட்டு அடுப்புல நின்னேன். வாழைக்காய், பூசணிக்காய், வடை, பாயசம். நடுவுல கடிகாரத்தைப் பாத்தா ஊசி நேரம். கையைத் துடைச்சிட்டு வந்து போட்டேன். அன்னைக்குன்னு விட்டுட முடியுமா? போட்டுட்டுப் போய் வடையைத் திருப்பிப் போட்டேன். படையலுக்கு இலை போட்டாச்சு, கற்பூரம் காட்டியாச்சு. பின்பக்க மதில் மேல காக்காவுக்கு இலை வச்சாச்சு.

காக்கா வரல.

எப்படி வரும்? அன்னைக்குத் தெரு முழுக்க விருந்து. எல்லா வீட்டு மதில்லயும் வடை பாயசம். தின்னு தின்னு அதுங்களுக்கு அலுத்துப்போச்சு. ஒண்ணு வந்து உக்காந்துச்சு, இப்படித் தலையைச் சாச்சு இலையைப் பாத்துச்சு, பறந்து போயிடுச்சு. எனக்கு மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு. அப்பா பசி தாங்க மாட்டாரு. அவருக்கு என்ன கோவமோன்னு.

இவன் வந்து பின்னாடி நின்னான். 'அக்கா, பசிக்குது'ன்னான். அப்பா வாய் வைக்கல, அதுக்குள்ள உனக்கு என்னடா பசின்னேன். போய் நாற்காலியில உக்காந்தான். மறுபடி வந்தான். வேர்த்து ஊத்துது. சட்டை நனைஞ்சு முதுகுல ஒட்டிக்கிச்சு. 'யாரோ என்னை உள்ள இருந்து உலுக்கறாங்கக்கா'ன்னான். கேட்டியா? உள்ள இருந்து உலுக்கறாங்களாம். எனக்குத் திக்குனு ஆச்சு. இத்தனை வருஷம் கழிச்சு அந்த 'யாரோ' மறுபடி வந்துட்டான்னு நினைச்சேன்.

சக்கரை பாக்கற மெஷின் வீட்டுல இருந்துச்சு. அதை எடுக்கலையான்னு அப்புறம் ஆளாளுக்குக் கேட்டாங்க. எதுக்கு எடுக்கணும்? எனக்குத்தான் அவன் மூஞ்சியைப் பாத்ததுமே தெரிஞ்சுடுச்சே என்னன்னு!

மதில்கிட்ட போய் நின்னுக்கிட்டு அவனே காக்காவைக் கூப்பிட ஆரம்பிச்சான். 'அப்பா, வாங்கப்பா, சீக்கிரம் வாங்கப்பா.' குரல் நடுங்குது. கை நடுங்குது. திடீர்னு காக்கா இலையில இருந்த வடையை எடுத்து வாயில வைக்கப் போனான். பட்டுனு கையில அடிச்சுட்டேன். படையல்ல கை வைக்கறதா! அவன் என்னைத் திரும்பிப் பாத்தான் பாரு, அந்தப் பார்வையே வேற. 'நீங்க யாரு?'ன்னான். அப்புறம் ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். என்னை! என் தம்பி!

எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. ரொம்ப முறுக்கினா கொடுங்கன்னு மூளை டாக்டர் ஒரு தூக்க மாத்திரை கொடுத்து வச்சிருந்தாரு. எத்தனையோ வருஷமா அதுக்கு வேலை இல்லாம இருந்துச்சு. அதை எடுத்து வாயில போட்டு, தண்ணி கொடுத்து, கட்டில்ல படுக்க வச்சு, ஃபேனைப் போட்டு, கதவைச் சாத்திட்டு வந்தேன். கொஞ்ச நேரத்துல சத்தம் இல்ல. எட்டிப் பாத்தா பச்சைக் குழந்தை மாதிரி தூங்கறான். பாத்தியா, எது கொடுத்தா அடங்கும்னு எனக்குத்தான் தெரியும்னு நினைச்சுக்கிட்டேன்.

அப்புறம் காக்கா வந்துச்சு. நல்லா சாப்பிட்டுச்சு, வடையை ஒண்ணு விடாம. எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்துச்சு. அவனைச் சாப்பிட எழுப்பினேன், எந்திரிக்கல. சரி, மாத்திரை வேலை செய்யுது, தூங்கட்டும்னு விட்டுட்டேன். நான் இலையைப் போட்டுக்கிட்டு உக்காந்தேன். நானும் மனுஷிதான, இருட்டோட எழுந்தவ. சாப்பிட்டேன்.

மாடியில குடியிருக்கற நூர்ஜகானுக்குக் கொஞ்சம் பாயசம் எடுத்து வைப்பேன் எப்பவும். வாங்கிக்க வந்தவ, 'மாமா எங்க?'ன்னு எட்டிப் பாத்தா. 'பெரியம்மா, மாமா சில்லுனு கிடக்காரு'ன்னு ஒரு கத்து. நூத்தெட்டுக்கு போன் பண்ணினது அவதான். ஆம்புலன்ஸ் பையன் விரல்ல குத்திப் பாத்தான். மெஷின்ல நம்பரைப் பாத்துட்டு என்னைத் திரும்பிக்கூடப் பாக்கல, ரத்தக் குழாயில குளுக்கோஸை ஏத்து ஏத்துன்னு ஏத்தறான். சக்கரை அடியோட இறங்கிப் போச்சாம். ஊசி போட்டு சோறு போடாம விட்டா இறங்குமாம். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா அவ்வளவுதானாம்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனதும் அந்தச் சின்ன டாக்டரம்மா ஓடி வந்தா. 'சாப்பிடாம ஏம்மா ஊசி போட்டீங்க?'ங்கறா. நீதான நேரம் தவறக் கூடாதுன்ன, போட்டேன்னேன். 'சாப்பாட்டுக்கு முன்னாடின்னு சொன்னேன்ல?'ங்கறா. சாப்பாட்டுக்கு முன்னாடிதான போட்டேன்! அமாவாசை அன்னைக்கு என்ன பண்ணணும்னு அவ சொன்னாளா? நீ சொல்லும்மா, இதுல என் தப்பு எங்க இருக்கு? அவளும் நம்ம ஊர்க்காரிதான, அவ வீட்டுல காக்காவுக்கு வைக்க மாட்டாங்களா?

'பசிக்குதுன்னு சொன்னாரா?'ன்னு கேட்டா. சொன்னான். 'வேர்த்துச்சா?' வேர்த்துச்சு. 'நடுங்குச்சா?' நடுங்குச்சு. ஒவ்வொண்ணுக்கும் ஆமா ஆமாங்கறேன், அவ பேனாவைக் கீழ வச்சிட்டா. அதுக்கு ரெண்டு வார்த்தை திட்டியிருக்கலாம்.

அப்புறம் என்ன, அவங்களே பேசி முடிவு பண்ணிட்டாங்க. சக்கரையும் மனசும் ரெண்டையும் சேத்துப் பாக்கற இடமாம் இது. கொஞ்ச நாள் இருக்கட்டும், அளவு சரியானதும் கூட்டிட்டுப் போங்கன்னாங்க. அந்தக் கொஞ்ச நாள்தான் இழுத்துக்கிட்டே போகுது. நான் ஞாயித்துக்கிழமை தவறாம வர்றேன்.

இங்க நடக்கற கூத்தைக் கேளு. ரெஜினா சிஸ்டர்னு ஒருத்தி இருக்கா. இவனை 'மணி சார்'ங்கறா. சாராம்! ஊசியை இவன் கையிலயே கொடுத்திருக்காம்மா. இவன் தன் வயித்துல தானே குத்திக்கறான், அவ கையைக் கட்டிக்கிட்டு வேடிக்கை பாக்கறா. எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு. வியாதிக்காரன் கையில ஊசியைக் கொடுப்பாங்களா? அதுவும் எப்படி, மொதல்ல தட்டு வந்து மேஜையில உக்காரணும். 'மணி சார், பசி இருக்கா? முழுசா சாப்பிட்டுடுவீங்களா?'ன்னு கேப்பா. இவன் யோசிச்சு, இருக்குன்னா ஊசி. இல்லைன்னா டாக்டரம்மாகிட்ட போய்க் கேட்டுட்டு வருவா. ஒரு ஊசி போடறதுக்கு இத்தனை பஞ்சாயத்து! எங்க வீட்டுல கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள போட்டு முடிச்சிருப்பேன்.

போன தடவை சட்டைப் பையில கை விட்டுப் பாத்தா மிட்டாய். சக்கரைக்காரன் பையில மிட்டாய்! பிடுங்கி வெளிய எறிஞ்சேன். 'படபடன்னு வந்தா வாயில போட்டுக்கணும்க்கா, அது மருந்து'ங்கறான். அப்புறம் நான் பாத்துக்கிட்டிருக்கும்போதே போய் ரெஜினாகிட்ட வேற ஒண்ணு கேட்டு வாங்கிப் பையில போட்டுக்கிட்டான். என் முன்னாடியே. இந்தத் துணிச்சல் எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியல.

மத்தபடி நல்லாத்தான் இருக்கான், இல்லைன்னு சொல்லல. மாத்திரையை மாத்திக் கொடுத்திருக்காங்க, தொப்பை கரைஞ்சிருக்கு. சாயங்காலம் நடக்கறான். அடுக்களையில உக்காந்து கீரை ஆயறான். என் வீட்டுல ஒரு டம்ளரை எடுத்து வச்சதில்ல, இங்க கீரை ஆயறான். ஆய்ஞ்ச கீரையைக் கொண்டு வந்து என்கிட்ட காட்டினான் பாரு, அப்ப மட்டும் எனக்கு என்னமோ பண்ணுச்சு.

வீட்டுலயா? வீட்டுல என்ன, வீடு வீடாத்தான் இருக்கு. ஊசி நேரத்துக்கு டாண்ணு முழிப்பு வந்துடுது. எந்திரிச்சுட்டு என்ன பண்றதுன்னு தெரியல. ரெண்டு பேருக்கு அரிசி போட்டுடறேன், அப்புறம் ராத்திரி தண்ணி ஊத்தி வைக்கறேன். பேப்பரைச் சத்தமாப் படிக்கறேன், பழக்கம். அன்னைக்கு நூர்ஜகான் இறங்கி வந்து, 'யாரு பெரியம்மா வந்திருக்காங்க?'ன்னா. யாரும் இல்லடி, கொலைச் செய்தி படிச்சுக்கிட்டிருக்கேன்னேன். அவ சிரிக்கல. ராத்திரி துணைக்கு வந்து படுத்துக்கட்டுமான்னு கேட்டா. எதுக்கு, எனக்கென்ன பயமான்னு அனுப்பிட்டேன்.

பயம் இல்லம்மா. தனியா இருக்கேன். அதான். இவன் வாய் திறந்து பேச மாட்டான், ஆனா இருப்பான். நான் திட்டறதுக்கு ஒரு ஆள் இருப்பான். அவன் இருந்தாத்தான் எனக்கு வேலை இருக்கு. அவனுக்கும் நான் இல்லாம முடியாது, இங்க சும்மா பொறுத்துக்கிட்டிருக்கான். அவனுக்கு வாய் விட்டுச் சொல்லத் தெரியாது.

அதோ, கதவு திறக்குது. அவன்தான். ரெஜினாவும் கூட வர்றா. பாத்தியா, சீவி முடிச்சு எப்படி வர்றான் பாரு! நீ இருந்துக்கோம்மா, எந்திரிக்க வேண்டாம். சரி, சரி, உன் இஷ்டம்.

*

வா, உக்காரு. போயிட்டான்.

நீ தள்ளிப் போய் நின்னுக்கிட்ட, நல்ல பொண்ணு. அவன் மெதுவாத்தான் பேசுவான், உனக்குக் காதுல விழுந்திருக்காது. என்ன சொன்னான்னு நான் சொல்றேன்.

சட்டையை நீட்டினேன். வாங்கி, விரிச்சுப் பாத்து, 'நல்லா இருக்குக்கா'ன்னான். டாக்டரம்மா கேட்டாங்களாடான்னேன். கேட்டாங்கன்னான். நீ என்ன சொன்னன்னேன். 'வரலைன்னு சொன்னேன்க்கா.'

எனக்கு மொதல்ல அது காதுலயே ஏறல. கிளம்புடா, வெயில் ஏறுதுன்னு சொல்லிட்டு நான் பாட்டுக்குச் சட்டையில இருந்த ஊசியை எடுத்துக்கிட்டிருக்கேன். கடைக்காரன் குத்தி வச்சிருப்பான்ல, அது. அவன் என் கையைப் பிடிச்சு நிறுத்திட்டான். 'அக்கா, நான் வரல. நீ ஞாயித்துக்கிழமை வா.'

ஏண்டா, உனக்கு நான் என்ன குறை வச்சேன்? அடிச்சேனா, பட்டினி போட்டேனான்னு கேட்டுட்டேன். பட்டினிங்கற வார்த்தை அதுவா வாயிலேருந்து வந்து விழுந்துடுச்சு. விழுந்தப்புறம் எடுக்க முடியுமா? அவன் கோவப்படல. கோவப்பட்டிருந்தா நான் சமாளிச்சிருப்பேன். நிதானமாச் சொல்றான்: 'வீட்டுல எனக்குக் கால் எரிஞ்சாலும் வியாதிங்கற, பசிச்சாலும் வியாதிங்கற. இங்க பசிக்குதுன்னு சொன்னா சோறு போடறாங்கக்கா.'

அவ்வளவுதான் சொன்னான். ஆனா இத்தனை வருஷத்துல அவன் இவ்வளவு நீளமா என்கிட்ட பேசினதே இல்ல. யாரு உனக்குச் சொல்லிக் கொடுத்தான்னு ரெஜினாவைப் பாத்துக்கிட்டே கேட்டேன். 'யாரும் இல்ல, நான்தான்'னான். ரெஜினா வேற பக்கம் திரும்பிக்கிட்டா. அவ கண்ணு கலங்கியிருந்துச்சு. அவளுக்கு எதுக்கு கலங்கணும், அவ யாரு?

அதுக்குள்ள சாப்பாட்டு மணி அடிச்சுடுச்சு. 'நீயும் வாக்கா, ஒரு தட்டு கேட்டு வாங்கறேன்'னான். எனக்கு வேண்டாம்னுட்டேன். ரோஷம். போடா, போய் உன் சோத்தைத் தின்னுன்னேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அவன் சரின்னு தலையாட்டிட்டு, சட்டையை மடிச்சு அக்குள்ள வச்சுக்கிட்டுப் போயிட்டான். திரும்பிப் பாப்பான்னு நின்னேன். பாக்கல. பசி வேளை, அவன் என்ன பண்ணுவான்.

இல்ல, நான் அழல. வெயிலு.

உங்கிட்ட ஒண்ணு சொல்லட்டுமா? காலையிலேருந்து நான் பச்சைத் தண்ணிகூடக் குடிக்கல. அவன் வந்ததும் சேந்து சாப்பிடலாம்னு எல்லாத்தையும் சமைச்சு மூடி வச்சிட்டு வந்தேன். பசிக்குதும்மா எனக்கு. யாரு எவருன்னு தெரியாத உங்கிட்ட சொல்றேன் பாரு. வீட்டுல இதைச் சொல்றதுக்கு ஒரு ஆள் இல்ல.

உன்னைத்தான் கூப்பிடறாங்க, போ. டாக்டரம்மாவைப் பாத்துப் பேசிட்டு வா. நீ எந்தப் பக்கம் போகணும்? பாடாலூரா? எனக்கு நேர் எதிர்ப்பக்கம், உறையூர். பரவாயில்ல, பாடாலூர் வரைக்கும் உன்கூட நானும் வர்றேன். அங்க ஏதாவது ஹோட்டல்ல ரெண்டு பேரும் ஒரு வாய் சாப்பிடலாம், அப்புறம் நான் திரும்பற பஸ்ஸைப் பிடிச்சுக்கறேன். இப்ப நேரத்துக்கு வீட்டுக்குப் போய் நான் என்ன பண்ணப் போறேன்?

நீ அவசரப்படாம நிதானமாப் பேசு, எவ்வளவு நேரம் ஆனாலும் இருக்கேன். பேசி முடிச்சிட்டு அந்தப் பக்க கேட் வழியாப் போயிடாதம்மா. இப்படியே வா.